நான்கு கல் தொலைவு

கல்வியின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் ஆசிரியரைப் பற்றி எழுதுவர். நூல்களைப் பற்றி எழுதுவர். பள்ளிகளையும் கல்லூரிகளையும் நிறுவியவர்களைப் பற்றி எழுதுவர். மாணவன் இரவில் தங்கும் இடத்துக்கும் பகலில் கற்கும் இடத்துக்கும் நடுவே கிடக்கும் வழியைப் பற்றி எழுதுவோர் மிகச் சிலர். ஆயினும், அந்த வழியைக் கடக்க முடிந்தவர் கற்றனர். கடக்க முடியாதவர் கல்லாது நின்றனர். அறிவிற் குறைந்ததால் நின்றவர்களைக் காட்டிலும் வழியின்மையால் நின்றவர்கள் நம் நாட்டில் பலர். ஆதலின், வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி என்னும் ஊர்கள் அடங்கிய பாலாற்றுக் கரையை எடுத்துக்கொண்டு, அங்கே மாணவர் நடந்த வழிகளின் வரலாற்றை இன்று சிறிது காண்போம்.

பழங்காலத்தில் இந்தத் தொலைவை ஒழிக்க நம்மவர் கண்ட வழி மிக எளியது. மாணவன் ஆசிரியர் வீட்டிலேயே தங்கிவிடுவான். உண்ணும் இடமும் உறங்கும் இடமும் கற்கும் இடமும் ஒன்றே. இதுவே குருகுலம். மாணவர் தொகை பெருகியபோது ஓர் ஆசிரியரின் இல்லம் போதவில்லை. அப்பொழுது கோயில்கள் அந்தப் பொறுப்பை ஏற்றன. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகின்ற இடத்தில் திருமுக்கூடல் என்றோர் ஊர் உண்டு. அங்குள்ள பெருமாள் கோயிலில், 11ஆம் நூற்றாண்டில் ஆண்ட வீரராசேந்திர சோழனுடைய நீண்ட கல்வெட்டு ஒன்று காணப்படுகிறது. அக்கோயிலில் வேதமும் இலக்கணமும் பயிலும் மாணவர்க்கு ஒரு பள்ளி இருந்தது; மாணவரும் ஆசிரியரும் உள்ளிட்ட ஏறத்தாழ அறுபதின்மர்க்கு உணவும் உறையுளும் அளிக்கும் விடுதி இருந்தது; பதினைந்து படுக்கைகள் கொண்ட ஓர் ஆதுலர்சாலையும் இருந்தது. ஆதுலர்சாலை என்பது நோயாளர்க்கான மருத்துவமனை. மாணவர் படுக்கப் பாய், இரவில் விளக்கெரிக்க எண்ணெய், சனிக்கிழமைதோறும் தலைமுழுக எண்ணெய் என்று எல்லாவற்றுக்கும் அக்கல்வெட்டில் ஏற்பாடு உண்டு. பள்ளி, விடுதி, மருத்துவமனை ஆகிய மூன்றும் ஒரே கோயிலின் எல்லைக்குள் அமைந்திருந்தன. அங்குத் தங்கிய மாணவன் வகுப்புக்குச் செல்லச் சில அடிகள் நடந்தாற் போதும்.

இந்தச் செய்தியைக் கேட்டவுடன், அக்காலமே பொற்காலம் என்று சொல்லிவிடத் தோன்றும். ஆனால் அறுபது பேர் என்ற எண்ணை மறத்தல் ஆகாது. அந்த அறுபது இடங்களில் பெண்களுக்கு இடமில்லை. உழுவோர் மக்களுக்கும் தோல் பதனிடுவோர் மக்களுக்கும் இடமில்லை. உள்ளே புகுந்த சிலருக்குத் தொலைவே இல்லை. வெளியே நின்றவர்க்கோ கடக்க முடியாத தொலைவு. கல்வி பலருக்கும் உரியதாகும் காலம் வந்தபோதுதான் வழி என்பது ஒரு பெரும் கேள்வியாக எழுந்தது.

அந்தக் காலம் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் வந்தது. 1856ஆம் ஆண்டு ஜூலை முதல் நாளில் தென்னாட்டின் முதல் புகைவண்டி சென்னை இராயபுரத்திலிருந்து புறப்பட்டு வாலாஜா ரோடு வரையில் ஓடியது. அடுத்த ஆண்டில், 1857இல், சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றியது. இருப்புப்பாதை பின்னர் மேற்கே நீண்டது. காட்பாடி, குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி, சோலையார்பேட்டை என்னும் ஊர்கள் அதன் நிலையங்களாயின. ஆவிரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு தோல் பதனிடும் தொழில் இவ்வூர்களில் வளர்வதற்கு ஆற்று நீர் ஒரு காரணம். புகைவண்டி மற்றொரு காரணம். பச்சைத் தோல் வந்து இறங்கிய அதே நிலையத்திலிருந்து பதனிட்ட தோல் சென்னைப் பெரியமேட்டுக்கு ஏறிச் சென்றது. அதே வண்டியில் நாளடைவில் மாணவரும் ஏறினர்.

தொடக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகம் பாடம் சொல்லித் தரும் நிலையமாக இருக்கவில்லை. தேர்வு நடத்திப் பட்டம் வழங்குவதும் கல்லூரிகளைத் தன்னோடு இணைத்துக்கொள்வதுமே அதன் பணி. வேலூரில் ஆர்க்காட்டு மிஷன் நடத்திய பள்ளி 1898இல் கல்லூரியாக உயர்ந்தது. அதுவே ஊரிசுக் கல்லூரி. ஆனால் அக்காலத்தில் அது முதல் இரண்டு ஆண்டுப் படிப்பை மட்டுமே கற்பித்த இரண்டாந்தரக் கல்லூரி. பட்டம் பெற விரும்புவோர் அதற்குமேல் சென்னைக்குத்தான் செல்ல வேண்டும். திருத்தணியில் பிறந்த சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் திருப்பதியில் படித்தபின், 1900 முதல் 1904 வரையில் வேலூர் ஊரிசுவில் பயின்று, அதன்பின் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியைச் சேர்ந்தார். பின்னாளில் குடியரசுத் தலைவரான அவருடைய மாணவப் பருவமே ஒவ்வொரு படிக்கும் ஊர் மாறிய பருவம். ஒரு படி ஏறுவதற்கு ஓர் ஊர் கடக்க வேண்டும் என்பது அக்காலத்துக் கல்வியின் அமைப்பு. உதவித்தொகையோ உறவினர் வீடோ கிடைத்தவர் கடந்தனர். கிடைக்காதவர் பாதியில் நின்றனர்.

இந்நிலையை மாற்ற இரண்டு வழிகள் உண்டு. மாணவனைக் கல்லூரிக்குக் கொண்டு செல்லலாம்; கல்லூரியை மாணவனிடம் கொண்டு வரலாம். வாணியம்பாடி இரண்டாம் வழியை மேற்கொண்டது. அவ்வூரின் முஸ்லிம் கல்விச் சங்கம் 1919இல் இஸ்லாமியாக் கல்லூரியை நிறுவியது. தோல் வாணிகத்தில் ஈட்டிய பொருளின் ஒரு பகுதி அங்கே வகுப்பறையாக மாறியது. தோல் வணிகராகிய மேல்விஷாரம் அப்துல் ஹக்கீம் அவர்களின் கொடை இப்பகுதியில் பெரிதும் போற்றப்படுவது. அவர் பெயர் தாங்கிய கல்லூரி 1965இல் மேல்விஷாரத்தில் தோன்றியது. திருப்பத்தூரில் தூய நெஞ்சக் கல்லூரி 1951இலும், காட்பாடியில் மகளிர்க்கான அக்சீலியம் கல்லூரி 1954இலும், ஆம்பூரில் மஸ்ஹருல் உலூம் கல்லூரி 1969இலும் தொடங்கின. ஒவ்வொரு கல்லூரி தோன்றியபோதும், அதைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் சில நூறு வீடுகளுக்குச் சென்னை செல்லும் வழி சுருங்கியது.

இனி, முதல் வழியைப் பார்ப்போம். அதற்கு வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு வேறில்லை.

ஐடா ஸ்கடர் என்னும் அம்மையார் 1870இல் இராணிப்பேட்டையில் பிறந்த அமெரிக்கர். அவர் தந்தையார் திண்டிவனத்தில் மருத்துவராக இருந்தார். ஒரே இரவில் மூன்று வீடுகளிலிருந்து மூன்று ஆடவர் தனித்தனியே வந்து, பேறுகால வேதனையில் இருந்த தம் மனைவியர்க்கு உதவி கேட்டனர். ஆண் மருத்துவர் வருவதை அவர்கள் ஏற்கவில்லை. ஐடாவோ அப்பொழுது மருத்துவம் கற்றவர் அல்லர். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்தனர். இந்த நிகழ்ச்சியே அவரை மருத்துவராக்கிற்று என்பது பலரும் அறிந்த வரலாறு. நம் பொருளுக்கு ஏற்ப இதனை வேறொரு கோணத்தில் நோக்கலாம். அந்தப் பெண்களுக்கும் மருத்துவருக்கும் நடுவே இருந்தவை சில தெருக்களே. ஆயினும் அத்தெருக்களை எவராலும் கடக்க இயலவில்லை. தொலைவு என்பது கல்லால் மட்டும் அளக்கப்படுவது அன்று. வழக்கத்தாலும் அச்சத்தாலும் அளக்கப்படுவது.

1900இல் மருத்துவராகத் திரும்பிய ஐடா அம்மையார் வேலூரில் பணி தொடங்கினார். 1902இல் ஒரு சிறு மருத்துவமனை எழுந்தது. நோயாளர் எல்லோரும் வேலூருக்கு வர இயலாது என்று கண்டு, அவரே மாட்டு வண்டியிலும் பின்னர் மோட்டார் வண்டியிலும் குடியாத்தம் சாலையில் சென்றார். மரத்தடியில் வண்டியை நிறுத்தி, அங்கே கூடியவர்க்கு மருந்து கொடுத்தார். 1918இல் பெண்களுக்கென ஒரு மருத்துவப் பள்ளியைத் தொடங்கியபோது விண்ணப்பித்தவர் 151 பேர், பலருக்கு இடமில்லை. பெண் கல்வி அரிதாக இருந்த அந்நாளில், 151 குடும்பங்கள் தம் மகளிரைத் தொலைவூருக்கு அனுப்ப முன்வந்தன என்பதை எண்ணிப் பாருங்கள். அவ்வளவு நம்பிக்கைக்கும் ஒரு நிபந்தனை உண்டு: மகள் பாதுகாப்பாகத் தங்க ஓர் இடம் வேண்டும். விடுதி இல்லையேல் பெண்களுக்கான கல்லூரியும் இல்லை.

1924இல் பெரிய மருத்துவமனை நகருக்குள் திறக்கப்பட்டது. 1928இல், நகருக்குத் தெற்கே குன்றுகள் சூழ்ந்த பாகாயத்தில் ஏறத்தாழ 200 ஏக்கர் நிலத்தில் கல்லூரிக்கும் விடுதிக்கும் பணி தொடங்கியது. 1930களின் தொடக்கத்தில் கல்லூரி அங்குக் குடிபுகுந்தது. அன்று முதல் மருத்துவமனை ஓரிடம், மாணவர் தங்கும் விடுதி ஓரிடம் என்றாயிற்று. இரண்டுக்கும் நடுவே 7 கிலோமீட்டர். பழைய கணக்கிற் சொன்னால் நான்கு கல்லுக்குச் சற்று மேல். மருத்துவமனையிலிருந்து புறப்பட்டுக் கோட்டைப் பக்கமாகச் சென்று, ஊரிசுக் கல்லூரியைத் தாண்டி, தொரப்பாடி வழியாகப் பாகாயத்தை அடைய வேண்டும். 1942இல் பள்ளி, பல்கலைக்கழகத்தோடு இணைந்த மருத்துவக் கல்லூரியாக உயர்ந்தது. 1947இல் ஆடவரும் சேர்க்கப்பட்டனர். விடுதிகள் பெருகின. கல்லூரி வண்டி காலையில் மாணவரை ஏற்றி நகருக்குக் கொண்டு செல்வதும், மாலையில் திரும்பக் கொண்டு வருவதும் பாகாயத்தின் அன்றாட வாழ்வாயின.

இரண்டையும் ஏன் ஒரே இடத்தில் கட்டவில்லை என்று கேட்கலாம். நகருக்குள் 200 ஏக்கர் கிடைப்பது அரிது என்பது ஒரு விடை. அதைவிடச் சிறந்த விடை வேறொன்று உண்டு. மருத்துவமனையைப் பாகாயத்துக்குக் கொண்டு போயிருந்தால் மாணவர்க்கு வசதியாக இருந்திருக்கும். ஆனால் ஒவ்வொரு நோயாளியும், ஒவ்வொரு கருவுற்ற பெண்ணும் அந்த நான்கு கல்லைக் கூடுதலாகக் கடக்க வேண்டியிருந்திருக்கும். நோயுற்ற ஆயிரம் பேர் கடக்க வேண்டிய வழியை, உடல்நலம் வாய்ந்த சில நூறு இளைஞர் கடக்குமாறு அமைத்தனர். தொலைவு என்பது ஒருபோதும் மறைவதில்லை, மாணவர்களே. அஃது ஒருவர் தோளிலிருந்து மற்றொருவர் தோளுக்கு மாறுகிறது. யார் தோளுக்கு மாற்றுவது என்று முடிவு செய்வதே அறம். அந்த நான்கு கல் சாலை, மருத்துவ மாணவர்க்கு எந்தப் பாடநூலும் கற்பிக்காத முதற் பாடத்தைக் கற்பித்தது என்பேன்: நீ நோயாளியிடம் செல்ல வேண்டும்.

சாலை என்றால் இடரும் உண்டு. இக்கல்லூரியிற் படித்து மருத்துவரான மேரி வர்கீஸ் அம்மையார் 1954இல், உடன் பணிபுரிந்தோருடன் வெளியூர் சென்றபோது நேர்ந்த கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்விழந்தார். மருத்துவராகி அதிக நாள் ஆகாத இளம்பெண் அவர். அத்துடன் அவர் வாழ்வு முடிந்தது என்றே பலரும் எண்ணியிருப்பர். அவரோ சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளரின் மடங்கிய விரல்களுக்கு அறுவை மருத்துவம் செய்யக் கற்றார். வெளிநாடு சென்று மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். 1966இல் அதற்கென ஒரு நிலையம் அதே பாகாயத்தில் திறக்கப்பட்டது. 1972இல் அவர் பத்மஸ்ரீ விருது பெற்றார். நடக்கக் கூடியவர்க்கு நான்கு கல் ஒரு சிறு தொலைவு. நடக்க இயலாதவர்க்கு வாயிற்படி ஒன்றே மலை. இந்த உண்மையைத் தம் உடலால் அறிந்த ஒருவர், பிறர்க்கு அந்தப் படியைக் கடக்கக் கற்பித்தார். பள்ளியிலும் கல்லூரியிலும் சாய்தளம் கட்டுவது சலுகை என்று நினைப்போர் இவ்வரலாற்றைப் படித்தல் நன்று.

வேலூரின் பிற்கால வளர்ச்சியையும் சுருங்கக் காண்போம். 1982இல் வேலூரைத் தலைமையிடமாகக் கொண்டு பட்டுக்கோட்டை அழகிரி போக்குவரத்துக் கழகம் தோன்றியது. 1997இல் அதன் பெயர் தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம் என மாறியது. காட்பாடி நிலையத்திலிருந்து பாலாற்றுப் பாலத்தைக் கடந்து பாகாயம் செல்லும் ஒன்றாம் எண், இரண்டாம் எண் நகரப் பேருந்துகளை அறியாத மாணவர் வேலூரில் இல்லை. 1984இல் 180 மாணவரோடு காட்பாடியில் தொடங்கிய பொறியியற் கல்லூரி, 2001இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாகி, இன்று வி.ஐ.டி. என்று பெயர் பெற்று விளங்குகிறது. அது வளாகத்துக்குள்ளேயே பெரிய விடுதிகளைக் கட்டிற்று. அங்குத் தங்குவோர்க்கு நாள்தோறும் பயணம் இல்லை; வடநாட்டு மாணவர்க்கோ விடுமுறைதோறும் இரண்டு நாள் பயணம். 2002இல் தோன்றிய திருவள்ளுவர் பல்கலைக்கழகம் முதலில் நகரின் நடுவே வேலூர்க் கோட்டைக்குள் இயங்கியது. பின்னர் நகருக்கு வெளியே சேர்க்காட்டுக்கு மாறியது. இடம் விரிந்தது, வழியும் நீண்டது. பரந்த வளாகம் வேண்டுமென்றால் நகரை விட்டு விலகத்தான் வேண்டும். ஆனால் விலகிய ஒவ்வொரு கல்லுக்கும் ஈடாக ஒரு விடுதியறையோ ஒரு பேருந்தோ தரப்படல் வேண்டும். இல்லையேல் அந்தக் கல்லை ஏழை மாணவன் தன் காலால் செலுத்துகிறான்.

இனி ஆம்பூர்ச் சாலைக்கு வருவோம். 1970களில், பாதி பதனிட்ட தோலை அப்படியே ஏற்றுமதி செய்வதை அரசாங்கம் கட்டுப்படுத்தியது. தோலைப் பொருளாக்கி அனுப்ப வேண்டும் என்பது கொள்கையாயிற்று. அதன் பயனாக ஆம்பூரிலும் சுற்றிலும் காலணித் தொழிற்சாலைகள் பெருகின. அவற்றில் வேலை செய்வோரில் பெரும்பாலோர் பெண்கள். விடியற்காலையில் சிற்றூர்களின் முனையில் நின்று பார்த்தால் இரண்டு வகைப் பேருந்துகள் வரக் காணலாம். ஒன்று தொழிற்சாலை வண்டி. மற்றொன்று கல்லூரி மாணவியர் ஏறும் அரசுப் பேருந்து. ஒரே தெருவைச் சேர்ந்த, ஒரே வகுப்பில் படித்த தோழியர் இருவர் அவ்விடத்தில் பிரிகின்றனர். தொழிற்சாலை வண்டி தவறாமல் வரும், ஊருக்குள்ளேயே வரும், கட்டணம் இல்லை. மற்றொரு பேருந்து வரவும் கூடும், வராமலும் போகக்கூடும்.

உழைத்து உண்பது உயர்ந்தது. அந்தப் பெண்களின் ஊதியத்தால் எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிகிறது; எத்தனையோ தம்பியர் படிக்கின்றனர். அவர்களை நான் குறை கூறேன். ஆனால் தலைமையாசிரியனாக இருந்த ஆண்டுகளில், பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்ற பெண்ணின் பெற்றோரை அழைத்து, மேற்படிப்புக்கு அனுப்புங்கள் என்று கேட்டபோதெல்லாம், நான் பெற்ற விடை பெரும்பாலும் ஒன்றே: "படிக்க வைக்கலாம் ஐயா; போக வரத்தான் வழியில்லை." கல்வி வேண்டாம் என்று சொன்ன பெற்றோர் மிகச் சிலர். ஒரு முறை, எங்கள் பள்ளியின் முதல் மணியை மாற்றி, பேருந்து வந்து சேரும் நேரத்துக்குப் பின்னர் அடிக்கச் செய்தோம். ஆற்றுக்கு அப்பாலிருந்து வந்த பிள்ளைகள் அதன்பின் வாயிலில் தலைகுனிந்து நிற்கவில்லை. பாடத்திட்டத்தில் ஒரு வரியும் மாறவில்லை. கால்மணி நேரம் மட்டுமே மாறியது.

பெரிய அளவில் அரசுகளும் இதனை உணர்ந்துள்ளன. பள்ளி மாணவர்க்கும் அரசுக் கல்லூரி மாணவர்க்கும் கட்டணமில்லாப் பேருந்துச் சீட்டு உண்டு. 2021 முதல் தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் எல்லோரும் கட்டணமின்றிச் செல்லலாம். புகைவண்டியில் மாணவர்க்குச் சலுகைப் பருவச்சீட்டு உண்டு. பட்டப்படிப்பு வரையில் பயிலும் பெண்கள் வீட்டுக்கும் கல்லூரிக்கும் இடையே கட்டணமின்றிச் செல்லவும் அதில் வழி உண்டு. அரசுப் பள்ளிகளில் படித்து உயர்கல்விக்குச் செல்லும் பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் வழங்கும் திட்டம் 2022இல் வந்தது. திருமுக்கூடலில் மன்னன் அறுபது பேருக்கு ஏற்றுக்கொண்ட பொறுப்பை, இன்று மக்களின் வரிப்பணம் இலட்சக்கணக்கானவர்க்கு ஏற்றுக்கொள்கிறது. ஆயினும், கட்டணம் இல்லாவிட்டாலும் பேருந்து இருக்க வேண்டும். பேருந்து இருந்தாலும் அது நேரத்துக்கு வர வேண்டும். வந்தாலும் ஒரு பெண் அச்சமின்றி அதில் ஏறி இறங்க வேண்டும். இம்மூன்றும் ஒருங்கே அமையும்போதுதான் வழி உண்டு என்று சொல்லலாம்.

2019இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்துக்குச் சென்றன. எல்லைகள் மாறின, மாணவரின் வழிகள் மாறவில்லை. ஆம்பூர்ப் பையன் இன்றும் காட்பாடி வண்டியைப் பிடிக்கிறான்; பாகாயத்து மாணவி இன்றும் நான்கு கல் கடந்து நோயாளியின் படுக்கையருகே நிற்கிறாள்.

மாணவச் செல்வங்களே, உங்களுள் சிலர் விடுதியில் இருப்பீர்கள். சிலர் பேருந்தின் படியருகே நெருக்கி நின்று வருவீர்கள். சிலர் மிதிவண்டியில் வருவீர்கள். நீங்கள் வகுப்புக்கு வரும் வழியை ஒருமுறை கணக்கிட்டுப் பாருங்கள். எத்தனை கிலோமீட்டர் என்று மட்டும் எண்ணாதீர்கள். அந்தத் தொலைவை உங்களுக்காக யார் சுமக்கின்றனர் என்றும் எண்ணுங்கள். விடியற்காலையில் எழுந்து சோறு கட்டித் தரும் தாயா, பேருந்து ஓட்டுநரா, வரி செலுத்தும் முன்பின் அறியாத ஒருவரா, தொழிற்சாலை வண்டியில் ஏறிச் செல்லும் உங்கள் அக்காவா? நாளை நீங்கள் ஆசிரியராகலாம், மருத்துவராகலாம், ஒரு கல்லூரிக்கோ மருத்துவமனைக்கோ இடம் தேர்ந்தெடுக்கும் அலுவலராகலாம். அப்பொழுது வரைபடத்தில் ஒரு புள்ளி வைக்குமுன், அந்தப் புள்ளிக்கு நடந்து வரப்போகிறவர் யார் என்று கேளுங்கள். வலிமை குறைந்தவர் நடக்கும் வழி குறையுமாறும், வலிமை உடையவர் நடக்கும் வழி சற்றே கூடுமாறும் அந்தப் புள்ளியை வையுங்கள்.